காற்புள்ளி அக்காவின் மேசை

முதலில் காகிதத்தின் முதுகைத்தான் பார்ப்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓரம் கிழிந்திருக்கிறதா, முத்திரை சாய்ந்திருக்கிறதா என்று ஆராய்ந்து, ‘இடது மூலை கிழிந்துள்ளது’ என்று தட்டச்சு செய்த பிறகுதான் எழுத்துக்கே வருவார். நீதிமன்றங்களுக்கு மொழிபெயர்த்துச் சான்று கொடுப்பவர். ஒரு காற்புள்ளியைக்கூட விடமாட்டார் என்பதால் வக்கீல்கள் வைத்த பெயர் காற்புள்ளி அக்கா.

கணவன் ஒரு நாட்டில், மனைவி இன்னொரு நாட்டில், பிள்ளை யாரிடம் என்ற வழக்குகள்தான் அவரிடம் அதிகம். “ரெண்டு பேர் சொல்றதையும் முழுசா கேக்குற ஒரே ஆள் நான்தான். அதனாலேயே ரெண்டு பேரும் என்னை நம்ப மாட்டாங்க” என்பார். ஒரு கணவர் தம் மனுவில் மனைவியைப் பதினான்கு இடங்களில் பிசாசு என்று எழுதியிருந்தார். கொஞ்சம் நாகரிகமாகப் போடச் சொல்லி வக்கீல் கெஞ்சியபோது, “பதினாலும் அப்படியே வரும். வேணும்னா அவரையே குறைச்சு எழுதச் சொல்லுங்க” என்றாராம்.

வெளிநாட்டில் வாங்கிய என் சான்றிதழுக்காக நான் காத்திருந்த அன்று ஒரு தகப்பன் வந்தார். எட்டு வயது மகள், தாயுடன் தாயின் நாட்டில் இருக்கிறாள். யாரிடம் இருக்க விருப்பம் என்று நீதிபதிக்கு அவள் தன் தாயின் மொழியில் எழுதிய கடிதம் அவர் கையில். அந்த மொழி அவருக்குப் பேச வரும், படிக்க வராது.

அக்கா வாசித்தார். “‘எனக்கு அப்பாகூட இருக்கணும்.’ அடிச்சிருக்கு. ‘எனக்கு அம்மாகூட இருக்கணும்.’ அதுவும் அடிச்சிருக்கு. அதுக்குக் கீழ, ‘ரெண்டு பேரும் ஒரே தெருவுல இருங்க. நான் நாயோட நடந்தே வந்துடுவேன்.’”

“அக்கா, அந்த ரெண்டாவது வரிய விட்டுடுங்களேன். அவளே அடிச்சிட்டாளே.”

“அப்ப முதல் வரியும் போயிடும். பரவாயில்லையா?”

அவர் யோசித்தார். “அது லேசாத்தானே அடிச்சிருக்கு?”

அக்கா பூதக்கண்ணாடியை எடுத்து இரண்டு கோடுகளையும் நிதானமாகப் பார்த்தார். “ரெண்டும் ஒரே அழுத்தம், தம்பி. ஸ்கேல் வச்சு அடிச்சிருக்கா.”

கடிதத்தின் அடியில் ஒரு படம் இருந்தது. “இது ஆடா?”

“நாய்க்கா. நான் கிளம்பி வரும்போது இத்தனூண்டு குட்டி.”

“உங்களுக்குத் தெரியும். எனக்கு நாலு காலும் வாலும்தான் தெரியுது.” ‘நான்கு கால் விலங்கு, சிரிக்கிறது’ என்று தட்டினார்.

தகப்பன் மேசைமேல் குனிந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் நிறைந்து, முகம் தாழ்ந்துகொண்டே போனது. அக்கா ஒரு கையால் தட்டச்சு செய்தபடியே, மறுகையின் ஒற்றை விரலால் கடிதத்தை அவர் முகத்துக்கு அடியிலிருந்து மெல்ல இழுத்து, அந்த இடத்தில் ஒரு வெற்றுத்தாளை வைத்தார்.