குதிரை டின்

பதுளைக் கடைவீதியில், குதிரைப் பந்தயம் கட்டும் புக்கிக் கடையிலிருந்து என் தம்பி இறங்கி வந்தான். உள்ளே இங்கிலீஷ் வர்ணனை அலறியது.

"அளவா காசு ஒதுக்கித்தான் ஆடுறேன், அக்கா" என்றான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அப்பாவும் இதையேதான் சொன்னார். நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அடுப்புக்கு மேலே இரண்டு பால்மா டின் வைத்திருந்தார். "குதிரைக் காசு வேற, சோத்துக் காசு வேற. கணக்கா ஆடுறவன் கெட மாட்டான்" என்று லயம் முழுக்கப் பீற்றுவார். தோற்றால் அடுத்த குதிரைக்கு இரட்டிப்பாகக் கட்டுவார். குதிரை டின் காலியானால் சோத்து டின்னில் கைவிட்டு அதை நிரப்புவார். அம்மா சோத்து டின்னை அவர் முகத்துக்கு நேரே குலுக்குவாள். சத்தமே வராது.

தம்பி இன்னும் விளக்கிக்கொண்டிருந்தான்.

"வாய மூடு. வீட்டுக்குப் போயி, ஒம் பொண்டாட்டிய சோத்து டின்னக் குலுக்கிக் காட்டச் சொல்லு" என்றேன்.