வட்டத்தின் மேல் ஒரு கோடு

எங்கள் சொந்தபந்தங்களை எழுதிக்கொண்டு போக மெட்ராஸிலிருந்து ஒரு வாலிபர் ஜவ்வாது மலைக்கு வந்தார். எழுபதுகளின் கடைசி; எனக்கு எட்டு வயது. யாருக்கு யார் என்ன உறவு என்பதுதான் அவருடைய காலேஜ் பாடமாம். இதையெல்லாமா பணம் கட்டிப் படிக்கிறார்கள் என்று ஊரே சிரித்தது. அப்பாவின் அக்காவான என் அத்தையோ, அவர் பெண் பார்க்க வந்திருக்கிறார் என்றே கடைசிவரை நம்பினாள். இல்லாவிட்டால் வீடு வீடாகப் போய் உன் மாமனுக்கு எத்தனை பெண்கள் என்று எதற்காகக் கேட்கவேண்டும்?

பெரிய நோட்டில் ஆணுக்கு முக்கோணம், பெண்ணுக்கு வட்டம் போட்டுக் குடும்பங்களை இணைப்பார். செத்தவர்கள் மேல் குறுக்கே ஒரு கோடு இழுப்பார். எங்களுக்கு அது நல்ல வேடிக்கை.

அம்மா முந்தைய மழைக்காலத்தில் அப்பாவை விட்டுவிட்டு மலையின் இன்னொரு பக்கமான நெல்லிவாசல்நாட்டில் வேறொருவரோடு வாழப் போயிருந்தாள். எங்கள் மலையில் அது பெரிய குற்றமில்லை. ஊர் கூடிப் பேசி அனுப்பிவைப்பார்கள். ஆனால் பிள்ளை அப்பன் வீட்டுக்குத்தான். பெற்றவள் தனியாகத்தான் போகவேண்டும். அப்படித்தான் அவள் போனாள். அதன் பிறகு அவள் பேச்சை யார் எடுத்தாலும் அப்பா சாப்பாட்டிலிருந்து எழுந்துவிடுவார். நானும் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டேன்.

ஊர் ஊராகக் கடுக்காய் வாங்க வரும் ஒருத்திதான் ஒருநாள் என் காதில் சொன்னாள். “கூழ் ஊத்துற அன்னிக்கு உங்கம்மா கோயிலாண்ட வர்றேன்னு சொல்லச் சொல்லுச்சு. யார்கிட்டயும் சொல்லாத.”

அம்மன் முன்னால் வந்து நிற்பவளை யாரும் விரட்டமாட்டார்கள். நான் ஆடி மாதத்துக்காக நாள் எண்ண ஆரம்பித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் வீட்டின் முறை வந்தது. அப்பா முற்றத்தில் புளி தட்டிக்கொண்டிருந்தார். நோட்டுக்காரர் என்னிடமே கேட்டார்.

“அம்மா?”

அப்பாவின் கை நின்றது.

“இல்ல சார்.”

வீட்டில் இல்லை என்றுதான் சொன்னேன். அப்பாவை வைத்துக்கொண்டு வேறு எப்படிச் சொல்வது? நோட்டுக்காரர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஒரு வட்டம் போட்டு, அதன் மேல் கோடு இழுத்து, என் தலையைத் தடவி ஒரு பிஸ்கட் பொட்டலம் கொடுத்தார். அப்பா திருத்தவில்லை, மறுபடியும் புளி தட்டினார். கோடு கண்ணில் பட்டும் நான் யோசிக்கவில்லை, பிஸ்கட்டைத்தான் பார்த்தேன். யாருக்கும் கொடுக்காமல் முழுவதையும் தின்றேன்.

அவர் நெல்லிவாசல் பக்கம் போய் எழுதிவிட்டு, பத்து நாள் கழித்து, எங்கள் ஊரில் விட்டுப்போன பெட்டியை எடுக்கத் திரும்பி வந்தார்.

“அங்க ஒரு அம்மா உன்னை விசாரிச்சாங்க. பாவம், தாயில்லாத பொண்ணுன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு வாயாலயே சொல்லிச்சான்னு ரெண்டு தடவை கேட்டாங்க. ஆமான்னேன்.”

என் காதில் விழுந்தது முதல் வரி மட்டும்தான். அம்மா என்னை விசாரித்திருக்கிறாள்! அன்றைக்கே பாவாடையைத் துவைத்துக் காயப்போட்டேன்.

அவரைப் பல வருஷம் மனதுக்குள் திட்டியிருக்கிறேன். என்ன பிரயோசனம்? கேட்டதைத்தானே எழுதினார். பெற்ற மகளே தலைமுழுகிவிட்டாள் என்று அம்மா நினைத்திருப்பாள். விட்டுப் போனவள், இப்படிச் சொன்னாயா என்று எந்த முகத்தோடு வந்து கேட்பாள்? இரண்டு வருஷத்தில் அம்மாவும் அவளோடிருந்தவரும் குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அதற்குமேல் எந்தச் சேதியும் இல்லை. அவளை நான் மறுபடி பார்க்கவேயில்லை. இனியும் பார்க்கப்போவதில்லை.

கூழ் ஊற்றிய அன்று காலையிலிருந்தே கோயிலருகில் நின்றேன். ஜீப் இரண்டு முறை வந்து போனது. இரண்டாவது ஜீப்பில் கடுக்காய்க்காரி மட்டும் இறங்கினாள். ஓடிப்போய், அம்மா வரவில்லையா என்று கேட்டேன்.

“இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு கேக்கற நீ?” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

முகத்தில் ஏதோ அழுக்கு போலிருக்கிறது என்று நினைத்தேன். ஓடைக்குப் போய் நன்றாகத் தேய்த்துக் கழுவிக்கொண்டு, அம்மா பார்க்கும்போது பளிச்சென்று இருக்கவேண்டுமே என்று, மறுபடியும் ஜீப் வரும் பாதையில் போய் நின்றேன்.