சேபோ அப்பாவும் காய்க்காத லோங்கன் மரமும்

ஜாவே என்று அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஊரில் இப்போது யாரும் இல்லை. மூத்த மகள் பிறந்த நாளிலிருந்து அவர் 'சேபோ அப்பா'. மனைவி நோமூ 'சேபோ அம்மா'. தாய்லாந்தின் வடக்கு மலைகளில் வாழும் கரேன் மக்களிடம் வழக்கம் அதுதான். பிள்ளை பெற்றவரை அவருடைய சொந்தப் பெயரால் அழைப்பது, நரைத்த மனிதரை 'டேய் தம்பி' என்பதைப் போல.

அவர் பிறந்த ஊர் இரண்டு மலைமுகடு தாண்டி இருந்தது. மணம் முடிப்பவன் பெண் வீட்டில் வந்து வாழ வேண்டும் என்பதால், இருபத்திரண்டு வயதில் ஒரு கூடையும் ஒரு கத்தியுமாக இங்கே வந்து சேர்ந்தார். முதல் வருஷம் இந்த மலை அவருக்கு ஒட்டவேயில்லை. அவர் ஊரில் சூரியன் முகத்துக்கு நேரே எழும். இங்கே தோளுக்குப் பின்னாலிருந்து எழுந்தது. ஓடைச் சத்தம் தப்பான பக்கத்திலிருந்து கேட்டது. கூழாங்கல்லைக்கூடச் சந்தேகத்தோடு மிதித்தார். "மாப்பிள்ளை வந்துட்டாரு, அவரு காது இன்னும் வந்து சேரல" என்று மைத்துனர்கள் கேலி செய்தார்கள்.

சேபோ பிறந்ததும் அது மாறியது. குழந்தையின் தொப்புள்கொடி காய்ந்து விழுந்ததும் தகப்பன் அதை மூங்கில் குழாயில் போட்டு அடைத்து, காட்டில் நல்ல மரமாகப் பார்த்துக் கட்ட வேண்டும். பிள்ளையின் உயிரில் ஒரு பங்கு அந்த மரத்தில் தங்கும். மரத்தை யாரும் வெட்டக் கூடாது. கட்டியதை யாரும் அவிழ்க்கக் கூடாது. ஜாவே ஒரு கடுக்காய் மரத்தைத் தேர்ந்தெடுத்துக் கட்டினார். கட்டிவிட்டுத் திரும்பி நடக்கும்போது ஓடைச் சத்தம் அது இருக்க வேண்டிய பக்கத்திலிருந்தே கேட்டதாம். அன்றிலிருந்து இது அவர் மலை.

சேபோவுக்குப் பின் இரண்டு பையன்கள். இன்னும் இரண்டு மரங்கள். வயலிலிருந்து திரும்புகிறபோது காட்டு வழியாகத்தான் வருவார். வந்ததும் நோமூவிடம், "சேபோ இந்த வருஷம் நல்லாக் காய்ச்சிருக்கா. சின்னவன்மேலதான் எறும்பு ஏறுது" என்பார். புதிதாகக் கேட்கிறவர்கள் திகைத்துப் போவார்கள்.

சேபோ சியாங்மாய் நகரத்தில் துணிக்கடை வேலைக்குப் போன இடத்தில் லம்பூன் சமவெளிக்காரன் பிரயூனைப் பார்த்தாள், கட்டிக்கொண்டாள். மாப்பிள்ளை மலைக்கு வரவில்லை. அவள்தான் மாமியாரின் லோங்கன் பழத் தோட்டத்துக்குப் போனாள். வழக்கம் தலைகீழானதை ஜாவே விழுங்கிக்கொண்டார். ஆனால் பேரப்பிள்ளையின் கொடியாவது இந்தக் காட்டில் இருக்கட்டும் என்று ஒரு நெல்லி மரத்தைப் பார்த்து வைத்தார்.

பெண் குழந்தை பிறந்த ஒன்றரை வாரத்தில் சேபோ தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"அப்பா, கொடி விழுந்துடுச்சு."

"நல்லது. எப்பக் கெளம்புறீங்க?"

"அவரு கட்டிட்டாருப்பா."

"எங்க?"

"இங்கயே, தோட்டத்துல. நம்ம வழக்கத்தை எல்லாம் நான்தான் சொல்லியிருந்தேன். நான் தூங்குறப்ப அவரே போய்க் கட்டிட்டு வந்துட்டாரு. உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும்னு."

ஜாவே தொலைபேசியை வைத்துவிட்டு அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

"தகப்பன்தானே கட்டணும்? தகப்பன்தான் கட்டியிருக்கான்" என்றாள் நோமூ. "உங்களுக்கு என்ன வயித்தெரிச்சல்?"

"தோட்டத்து மரம்டி. காசுக்கு வளக்குறது. காய்ப்பு கொறைஞ்சா அறுத்துத் தள்ளிடுவாங்க. அப்புறம் புள்ளைக்கு என்ன இருக்கு?"

"அப்போ போய்ப் பாத்துட்டு வாங்க. அடுப்பை மொறைச்சா அது என்ன பண்ணும், பாவம்."

அவர் மனதுக்குள் ஒரு முடிவு செய்திருந்தார். அதை நோமூவிடம்கூடச் சொல்லவில்லை. அந்தக் குழாயை அவிழ்த்து எடுத்து வந்துவிட வேண்டும். கூடாத காரியம்தான். ஆனால் வெட்டப்படப் போகும் மரத்தில் விட்டுவைப்பது அதைவிடப் பெரிய தப்பு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டே பேருந்து ஏறினார்.

லம்பூனில் பழம் பறிக்கும் காலம். தோட்டம் முழுக்க ஏணிகள், கூடைகள். மரங்கள் எல்லாம் ஒரே உயரம். ஒரே அளவு இடைவெளி. தரை பாய் விரித்தது போல் கிடந்தது. கண்ணைச் சாய்த்து வைக்க ஒரு சரிவுகூட இல்லையே என்று ஜாவேக்கு மூச்சு முட்டியது. இவ்வளவு வானத்தை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்கிறார்கள்? பேத்தியைக் கையில் வாங்கியதும்தான் கொஞ்சம் நிதானப்பட்டார். தலையில் பால் வாசம். மூக்கு சேபோவின் மூக்கு.

பிரயூனின் தாய் கம்மூன் முட்டிவரை ரப்பர் காலணியும் முகத்தைச் சுற்றித் துணியுமாக வந்தாள். பேசிக்கொண்டே கூடைகளை நகர்த்துகிறவள். ஜாவேயின் சமவெளிப் பேச்சு தட்டுத் தடுமாறியது.

"கொடி கட்டின மரம் எது, சம்பந்தியம்மா?"

"அதோ, வாய்க்கா ஓரமா கோணலா நிக்குதே, அதான். சோம்பேறி மரம் சம்பந்தி. ஏணி வெச்சு ஏறினா ஏறின கால்வலிதான் மிச்சம். இந்தப் பறிப்பு முடிஞ்சதும் எடுத்துட்டுக் கன்னு வெக்கணும்."

ஜாவே அன்று இரவு கத்தியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தார்.

விடியும் வேளையில் கத்தியோடு அந்த மரத்தடிக்குப் போனார். மற்ற மரங்களைப் போல அதைக் கத்தரித்திருக்கவில்லை. கிளைகள் தம் இஷ்டத்துக்கு வளைந்து போயிருந்தன. நெஞ்சு உயரத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாய்த் துண்டு. இரண்டு முனையிலும் மூடி. நைலான் கயிற்றால் சுற்றிச் சுற்றி, முடிச்சுக்கு மேல் முடிச்சு. அவர் கத்தியைக் கயிற்றின் அடியில் கொடுத்தார்.

"மாமா, தப்பாக் கட்டிட்டேனா?"

பிரயூன் பின்னால் நின்றான். தூங்காத கண்கள், தோளில் குழந்தையின் துணி.

"மூங்கில்தான் போடணும்னு சேபோ சொன்னா. கெடைச்சதெல்லாம் பூச்சி அரிச்சது. புள்ளையோடது கெட்டுடுமோன்னு பயந்து இதுல போட்டேன். இது மக்கவே மக்காது மாமா."

ஜாவே கத்தியை இன்னும் எடுக்கவில்லை. "இத்தனை நல்ல மரம் இருக்கு. இதுல ஏன் கட்டின?"

"நல்ல மரத்தையெல்லாம் அம்மா என்னைக்காவது வெட்டிடும். இதை மட்டுந்தான் நான் வெட்ட விட்டதில்ல."

"எப்படி?"

"ரெண்டு தடவை ரம்பம் வந்துச்சு. ஏறி அந்தக் கெளையில ஒக்காந்துட்டேன். அவங்க போற வரைக்கும் எறங்கல."

"சின்ன வயசுலயா?"

பிரயூன் தரையைப் பார்த்தான். "ஒண்ணு சின்ன வயசுல. இன்னொண்ணு… போன வருஷம்."

"போன வருஷமா! கல்யாணத்துக்கு அப்புறமா? சேபோ ஒண்ணும் சொல்லலியா?"

"அவதான் கயித்துல கட்டி மேல சோறு அனுப்பினா."

ஜாவேக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. நிற்க நேரம் ஆயிற்று. பிரயூனும் சேர்ந்து சிரித்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அப்பா செத்தப்போ வீடு பூரா ஆளுங்க. அழுறதுக்கு எடமில்ல. இதுல ஏறினேன். எலைச் சத்தம் மட்டுந்தான். யாரும் ஒண்ணும் கேக்கல. இப்பவும் மனசு சரியில்லன்னா கால் தானா இங்க வந்துடுது மாமா."

ஜாவே நிமிர்ந்து பார்த்தார். ஒரு கிளை மட்டும் உட்கார்ந்து உட்கார்ந்து வழவழப்பாகி, எருமை முதுகு போல மினுங்கியது. இவனுக்கும் ஒரு மரம் இருந்திருக்கிறது. கட்டிவிடத்தான் ஆள் இல்லை.

"குழாய் இருக்கட்டும்" என்றார். "கயிறுதான் ஆகாது. மரம் பருத்தா கழுத்தை நெரிக்கும். நனைஞ்சா மக்கிப் போற கட்டுதான் வேணும். அதுக்குள்ள மரம் கொடியைத் தன்னோடது ஆக்கிக்கும்."

தன் தோள்பையின் பருத்தி வாரை அறுத்தார். முதலில் புது வாரால் குழாயைக் கட்டி முடித்து, பிறகுதான் நைலானை அறுத்தார். ஒரு கணம்கூடக் குழாய் மரத்தை விட்டுப் பிரியவில்லை. பிரயூன் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்திருந்தான். கத்தியோடு எதற்கு வந்தீர்கள் என்று அவன் கேட்கவில்லை.

"கட்டின அன்னைக்கு வேலையை நிறுத்தினீங்கல்ல?" என்று கேட்டார் ஜாவே.

"நிறுத்தணுமா?"

"எங்க ஊரே நிக்கும். மண்ணைக் கொத்த மாட்டோம், மரத்துல கைவைக்க மாட்டோம். மரமும் புள்ளையும் ஒண்ணை ஒண்ணு பழகிக்க வேணாமா? மறுபடி கட்டின இன்னைக்காவது நிறுத்தணும்."

பறிக்கும் ஆட்களோடு வந்த கம்மூன் காதில் இது விழுந்தது. "பறிப்பு நாள்லயா? நல்லா இருக்கே! மத்தியானம் லாரி வந்து நிக்கும் சம்பந்தி. லாரிக்காரன்கிட்ட மரம் பழகுதுன்னா சொல்றது?"

ஜாவே ஒதுங்கி நின்றார். அது அவருடைய தோட்டம் இல்லை. வீட்டிலிருந்து சேபோ குழந்தையோடு வந்து நின்றாள். பிரயூன் ஒரு கையைத் தாழ்ந்த கிளைமேல் வைத்தான்.

"ஏறாதடா!" என்று அலறினாள் கம்மூன். "ஒரு புள்ளைக்கு அப்பன்டா நீ. ஏறாத. நிறுத்தறேன், நிறுத்தித் தொலைக்கறேன்!"

ஆட்கள் சிரித்துக்கொண்டே ஏணிகளைச் சாய்த்து வைத்துவிட்டுக் கலைந்தார்கள். லாரிக்காரனைத் தொலைபேசியில் பிடித்து, வீட்டில் விசேஷம், நாளைக்கு வா என்று அதட்டி வைத்தாள் கம்மூன். அதற்குமேல் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. காலிக் கூடை ஒன்றை எடுத்தாள். ஜாவே பார்ப்பதைக் கண்டு கீழே வைத்தாள். சும்மா நின்று கால் கடுத்ததும் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்தாள். சேபோ குழந்தையை அவள் மடியில் விட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துக் கம்மூன் முகத்துத் துணியை அவிழ்த்தாள்.

"இங்க இவ்வளவு காத்து வருமாடா?"

"எப்பவும் வரும்மா" என்றான் பிரயூன்.

அவள் ரப்பர் காலணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, காலை நீட்டிக்கொண்டாள்.