கன்னி மூலைத் தண்ணீர்

எங்கள் வீட்டுத் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு பித்தளைக் குழாய் இருக்கிறது. கைப்பிடி தேய்ந்து, ஒரு பக்கம் லேசாக வளைந்த பழைய குழாய். அதை மாற்றச் சொல்லி என் மனைவி ஒருநாளும் கேட்டதில்லை. அது அவள் பிறந்த வீட்டு அடுப்படியில் இருந்தது. பிறகு ஒரு மலை ஏறி இறங்கியது. அதைத் திறக்கும்போதெல்லாம் பழனி மலைப்பாதையின் ஒரு வளைவும், வண்டியில் ஏற மாட்டேன் என்று கால்களை ஊன்றி நின்ற ஒரு நாயும் எனக்கு நினைவுக்கு வரும்.

மாமனார் தாடிக்கொம்புப் பக்கம் நாற்பது வருடம் வீடு கட்டிய மேஸ்திரி. மாமியார் போன பிறகு தன் வீட்டை விற்று இரண்டு மகள்களுக்கும் பிரித்துக் கொடுத்தார். மகன் கிடையாது. மகள் வீட்டில் போய்க் குடியிருப்பது அவருக்கு ஆகாத காரியம். விருந்துக்கு வந்தால்கூட மறுநாளே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். "மாப்ள வீட்டுச் சோத்துக்கு உக்காந்துட்டான்னு எவனும் சொல்லிரக் கூடாது" என்பார். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி எங்கள் யாருக்கும் தோன்றியிராதது. பழைய மினி பஸ் ஒன்றை வாங்கி, இருக்கைகளைக் கழற்றிவிட்டு, உள்ளே வீடு கட்டினார். கட்டில், அடுப்பு, பீரோ, கூரையை ஒட்டித் தண்ணீர்த் தொட்டி எல்லாம் வந்தன. ஆறு மாதம் திண்டுக்கல்லில் எங்கள் வீட்டுப் பக்கம், ஆறு மாதம் நெய்க்காரப்பட்டியில் இளைய மகள் வீட்டுப் பக்கம் என்று கணக்கு. யார் கூரைக்கடியிலும் படுக்க வேண்டியதில்லை. துணைக்கு அவருடைய கோம்பை நாய், துரை.

வாழ்நாளெல்லாம் மனையடி பார்த்துக் கட்டிய கை, வண்டி என்றால் மட்டும் சும்மா இருக்குமா? வண்டியின் முகம்தான் கிழக்கு என்று முடிவு செய்துகொண்டார். அப்படியானால் அடுப்பும் சிலிண்டரும் தென்கிழக்கில், அதாவது டிரைவருக்குப் பின்னால். கனமானதெல்லாம் தென்மேற்குக் கன்னி மூலையில், அதாவது பின்பக்க வலது ஓரத்தில். பீரோ அங்கே போனது. அதற்கு மேலே, கூரையோடு இறுக்கிய முந்நூறு லிட்டர் தொட்டியும் வந்தது. விற்ற வீட்டு அடுப்படியிலிருந்து கழற்றி வந்த பித்தளைக் குழாயைத் தொட்டிக்கு மாட்டி, வெளியே, வண்டியின் முதுகில் வைத்தார். வண்டி திரும்பினால் திசையும் திரும்புமே என்று கேட்க எனக்கு வாய் துறுதுறுத்தது. பதினைந்து வருடம் பள்ளி வேன் ஓட்டியவன் நான். பாரமெல்லாம் ஒரே பக்கம் இருந்தால் என்ன ஆகும் என்று தெரியாதவனல்ல. ஆனால் மாமனார் கட்டும் வீட்டில் மருமகன் குறை சொல்வதா என்று பேசாமல் இருந்துவிட்டேன். அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில் அது கோழைத்தனம்.

முதல் பயணம் நெய்க்காரப்பட்டிக்கு. ஒட்டன்சத்திரம் வழியாகப் போனால் சமதரை. அவரோ வத்தலக்குண்டு வழியாக மலை ஏறி, பெருமாள்மலையில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, பழனிப் பக்கம் இறங்க வேண்டும் என்றார். "மலையத் தாண்டிருச்சுன்னா இது வீடுதான் மாப்ள. அப்புறம் ஒரு பய ஒன்னும் சொல்ல முடியாது." ஓட்டியது நான். ஏறும்போது தொட்டி நிறைந்திருந்ததால் தண்ணீர் தளும்பாமல் கிடந்தது. பெருமாள்மலையில் குளித்து, சமைத்து, பாத்திரம் கழுவிப் பாதித் தொட்டியைக் காலி செய்தோம். வினை அங்கேதான் தொடங்கியது.

இறக்கத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. முதல் இடது வளைவில் திருப்பியதும் பின்னால் தடும் என்று ஒரு சத்தம் கேட்டது. தொட்டித் தண்ணீர் மொத்தமும் வலப்பக்கம் போய் அடித்தது. சாய்ந்த வண்டி நிமிர ஒரு நொடி கூடுதலாக எடுத்துக்கொண்டது. மாமனார் கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அடுத்த இடது வளைவில், துரை நகங்கள் கிறீச்சிட வழுக்கிக்கொண்டே போய்ப் பீரோவில் மோதினான். அதற்கடுத்ததில் இடது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. வண்டி ஓட்டுகிறவனுக்கு அதை முதலில் சொல்வது இடுப்புதான். வலப்பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தடுப்புச் சுவர், அதற்கப்பால் வெறும் மூட்டம். சக்கரம் திரும்பத் தரையில் விழுந்தபோது உள்ளே பாத்திரங்கள் எல்லாம் உருண்டன. கொஞ்சம் அகலமான இடம் பார்த்து நிறுத்தினேன்.

"துரைக்கு ஒன்னுக்கு வருது போல, செத்த நேரம் நிக்கட்டும்" என்றார் மாமனார். கம்பியைப் பிடித்த கையை அவர் இன்னும் எடுக்கவில்லை. கதவைத் திறந்ததும் துரை குதித்து ஓடினான். திரும்ப வந்தவன் படிக்கட்டுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டான். "ஏலே துரை, ஏறுலே" என்றார். பிஸ்கட்டைக் காட்டினார், கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. அவர் சொல்லித் துரை மறுத்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னும் எத்தன வளைவு மாப்ள?"

"பத்துக்குக் கொறையாது மாமா."

தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டியவன் நான். சொன்னால், இது வீடில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னதாகும். சொல்லாவிட்டால் மூன்று உயிர். இரண்டு பேரும் நாயையே பார்த்துக்கொண்டு மழையில் நின்றோம்.

கடைசியில் அவர்தான் பேசினார். "பய பயப்படுறான் மாப்ள. அவனுக்காகத் தண்ணிய விட்டுருவோம்." பின்னால் போய்க் குழாயைத் திறந்தார். முதல் தண்ணீரில் முகம் கழுவினார், துரையின் கிண்ணத்தை நிரப்பினார், பிறகு ஓடவிட்டார். அது ஓடி முடிவதற்குள் இருவருமாகப் பீரோவை இடப்பக்கம் நகர்த்தினோம். ரோட்டில் வழிந்து தடுப்புச் சுவரின் ஓட்டை வழியாக இறங்கிய தண்ணீரைப் பார்த்தபடி, "இனி உங்க வாசல்லதான் ஒரேயடியா நிக்கணும் போல" என்றார். அது உங்கள் வீடு மாமா என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். பயமும் எரிச்சலும் முட்டிக்கொண்டு நின்றதால், "மொதல்ல எறங்குவோம்" என்றேன். துரை தானாக ஏறிப் படுத்துக்கொண்டான். மிச்ச வளைவுகளை வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் இறங்கியது.

நெய்க்காரப்பட்டியில் இரண்டு நாள் இருந்துவிட்டுச் சமதரை வழியாகத் திரும்பினோம். எங்கள் வீட்டை ஒட்டிய காலி இடத்தில் வண்டியைக் கிழக்குப் பார்க்க நிறுத்தி, பீரோவைப் பழைய மூலைக்கே தள்ளினார். அதற்குப் பிறகு அது நகரவில்லை. நான்கு வருடம் அதில்தான் இருந்தார். தினமும் காலையில் எங்கள் வீட்டுக் குழாயடியில் குடத்தோடு வந்து நிற்பார். "மாப்ள, தண்ணி பிடிச்சுக்கிறேன்" என்பார். "பிடிங்க மாமா" என்பேன். ஒரு நாள் தவறாமல் கேட்டார். கேட்க வேண்டாம் மாமா, இது உங்கள் வீடு என்று சொல்ல எனக்குத் தினமும் ஒரு வாய்ப்பு இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். மலையில் நாங்கள் பேச முடியாததைத் துரை பேசினான். வாசலில் அவனும் சும்மா படுத்திருந்தான்.

மாமனார் போய் இரண்டு வருடம் ஆகிறது. வண்டியை அய்யலூர்ப் பக்கம் ஒருவர் வாங்கிக்கொண்டு போய் இட்லிக் கடை போட்டிருக்கிறார். கொடுப்பதற்கு முன் குழாயை மட்டும் கழற்றி எங்கள் துவைகல்லுக்கு மாட்டினேன். துரைக்கு இப்போது கண் மங்கிவிட்டது. காலையில் கிண்ணத்தை மூக்கால் தள்ளிக்கொண்டு குழாயடிக்கு வந்து காத்திருப்பான். இன்றும் வந்தான். நான் கைப்பிடியில் கை வைத்தேன்.

"மாமா, தண்ணி பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுத் திறந்தேன்.