கொம்யூன் ஜன்னலில் அமிர்தம்

தண்டோரா போடுகிறவன் தெருமுனையைத் தாண்டியதும் அமிர்தம் கருவாட்டுக் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு அவன் பின்னாலேயே போகிறாள். அடுத்த ஊரில் அவன் என்ன சொல்கிறான் என்று கேட்க வேண்டும். "நம்மாண்ட ஒண்ணு சொல்லுவான், அங்க ஒண்ணு சொல்லுவான். எவன் கண்டான்?" இரண்டும் ஒன்றாகவே இருந்துவிட்டால் அவள் முகத்தில் சின்ன ஏமாற்றம் தெரியும்.

பாகூர் கொம்யூன் என்ற பிரெஞ்சு ஊராட்சியைச் சேர்ந்த மீனவக் குப்பம் ஒன்றில் இருக்கிறாள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கலாம், கேட்டால், "இன்னாத்துக்குக் கேக்கற?" என்பாள். காரணமில்லாமல் யாரும் சிரிப்பதில்லை என்பது அவள் கட்சி.

போன ஐப்பசியில் குப்பத்தில் வாந்திபேதி வந்தது. வாய்க்கால் தண்ணீரைத்தான் எல்லாரும் குடித்தார்கள். அமிர்தத்தின் தங்கை காசம்மாள் ஒரே பகலில் போய்விட்டாள். புதுச்சேரியிலிருந்து வந்த டாக்டர் நல்ல கிணறு வேண்டுமென்று சொல்லிவிட்டுப் போனார். பிரெஞ்சு சர்க்கார் ஒரே ஒரு கிணற்றுக்கு அனுமதி கொடுத்தது. எங்கே வெட்டுவது என்பதைக் கொம்யூன் சபை முடிவு செய்ய வேண்டும்.

கூட்டத்தன்று நான் வேறு வேலையாகக் கொம்யூன் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அமிர்தம் வெளியே ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காரியதரிசி தீர்மானத்தைப் பிரெஞ்சில் வாசித்தார். அவளுக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனால் நடுவில் 'ஆலங்கொல்லை' என்ற பெயர் காதில் விழுந்தது. அது சபை உறுப்பினர் சுப்பராயலுவின் கரும்புத் தோட்டம்.

"எங்க குப்பத்துப் பேரு காணமே?" என்றாள் ஜன்னலிலிருந்தே.

சபைத் தலைவரான மேர் திரும்பிப் பார்த்தார். "ஊருக்குப் பொதுவான எடம்மா அது. எல்லாரும் வந்து மொண்டுக்கலாம்."

"செத்தது எங்க வூட்டு ஜனம். கெணறு அவரு கரும்புக்கா?"

சுப்பராயலு எழுந்தார். "கடலோரத்துல தோண்டினா உப்புத்தான் வரும். சர்க்கார் பணம் வீணாப் போவணுமா?"

"தோண்டாமலே ஒங்களுக்கு எப்பிடித் தெரிஞ்சுதுங்க?"

மேர் சுப்பராயலுவைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, முதலில் குப்பத்தில் தோண்டிப் பார்க்கட்டும் என்று தமிழிலேயே சொன்னார். அமிர்தம் நகரவில்லை. காரியதரிசி மாற்றி எழுதியதைத் தமிழில் சொல்லவைத்துக் கேட்ட பிறகுதான் கம்பியை விட்டாள்.

வேலை நடந்தவரை அவள் கருவாடு விற்கவும் போகவில்லை. வெட்டிப் போட்ட மண்மேல் உட்கார்ந்திருந்தாள். "அரைக் கெணறு வெட்டிட்டு ஓடிடுவானுவோ." கடலோர மணல்மேட்டுக்குக் குப்பத்துப் பக்கமாக ஒருவழியாகத் தண்ணீர் ஊறியது.

கிணற்றுக்கு உறை இறக்கி முடித்த அன்று மேர் வந்தார், சுப்பராயலுவும் வந்தார். மேளம், மாலை எல்லாம் இருந்தது. முதல் குடத்தை இறைத்த பெண்கள் அமிர்தத்திடம் நீட்டி, "நீ குடி யக்கா" என்றார்கள். அவள் குடிக்கவில்லை. குடத்தை வாங்கிக்கொண்டு நேராகச் சுப்பராயலு முன்னால் போய் நின்றாள்.

"உப்பாக் கீதான்னு நீங்களே சொல்லுங்க."

மேளம் நின்றது. அவர் சுற்றிலும் பார்த்தார். எல்லாரும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, குனிந்து இரண்டு கைகளையும் குவித்தார். அமிர்தம் ஊற்றினாள். தண்ணீர் உள்ளே இறங்கும்வரை அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.