மின்விசிறி நிற்கும் கணக்கு

என் மனைவி சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்தினாள். நான் புளியங்குடி எலுமிச்சை மண்டியில் கணக்கெழுதுகிறவன். அவள் பாடத்தைப் பற்றி நானோ, என் மண்டியைப் பற்றி அவளோ பெரிதாகக் கேட்டுக்கொண்டதில்லை.

போன ஆடியில் ஒரு காலை, இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தவளுக்கு வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிவிட்டார்கள். பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவளுக்குப் புரியும். அவள் நினைக்கும் வார்த்தை மட்டும் வாய்க்கு வராது. தண்ணீர் கேட்க நினைத்து "நாளைக்கு" என்பாள். தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்து கண் கலங்கும்.

"அவங்களுக்கு ரொம்பப் பழக்கமான விஷயத்தப் பேசுங்க சார். அதுலதான் வார்த்தை முதல்ல திரும்பும்" என்றார் டாக்டர்.

சமையலைப் பேசினேன், எங்கள் கல்யாணத்தைப் பேசினேன். சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகுதான் அவளுடைய பாடப்புத்தகத்தை எடுத்தேன். சுழற்சி இயக்கம் என்ற இடத்தில் பக்கம் மடித்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கணக்கைச் சத்தமாக வாசித்தேன். நிமிடத்துக்கு முந்நூறு முறை சுற்றும் மின்விசிறி, அணைத்தபின் இருபது விநாடியில் நிற்கிறது. அதன் கோண முடுக்கம் என்ன?

எனக்கு வகுக்கத் தெரியும். முந்நூறை அறுபதால் வகுத்தால் விநாடிக்கு ஐந்து. ஐந்தை இருபதால் வகுத்து, கால் என்று எழுதி அவளிடம் காட்டினேன். இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"பை" என்றாள்.

"எந்தப் பைட்டி? மருந்துப் பையா?"

மருந்துப் பையைக் கொண்டுவந்தேன். இல்லை என்று கையை வீசினாள். கடைக்குப் போகிற மஞ்சள் பையைக் காட்டினேன். "பை, பை" என்று சொல்லிச் சொல்லி அழத் தொடங்கிவிட்டாள். எனக்கும் கோபம் வந்தது. "என்ன வேணும்னு காட்டித் தொலையேன்ட்டி" என்றேன். அவள் இடது கையால் பென்சிலை வாங்கி, நான் எழுதியதன் மேல் கோணலாக ஒரு வட்டம் போட்டு, அதைக் குத்திக்கொண்டே இருந்தாள்.

புத்தகத்தைத் திரும்பப் பார்த்தேன். ஒரு முழுச் சுற்று என்பது இரண்டு பை ரேடியன். சுற்றைக் கோணமாக மாற்றாமலே வகுத்திருக்கிறேன். ஐந்தை இரண்டு பையால் பெருக்கி, பிறகு இருபதால் வகுத்தேன். ஒன்று புள்ளி ஐந்து ஏழு. வேகம் குறைவதால் முன்னால் கழித்தல் குறி. அவள் கண்ணை மூடிக்கொண்டு மெல்லத் தலையசைத்தாள். அவள் நினைத்ததை நான் புரிந்துகொண்டது, படுத்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

அதன்பின் மண்டியிலிருந்து வந்ததும் தினமும் ஒரு கணக்கு. நான் தப்பாகப் போட்டால் அவள் முகத்தில் ஒரு விழிப்பு வரும். "ரேடியன்", "சுத்து", "ஆரம்" என்று ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. பக்கத்து வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "டீச்சர் தேறி வாராக அண்ணாச்சி" என்றாள். நானும் நம்பினேன்.

ஆனால் போடப் போட எனக்குக் கணக்கு பழகிவிட்டது. தப்பு குறைந்தது. சரியான விடையைக் காட்டினால் ஒருமுறை பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வாள். ஒருநாள், அவள் திருத்தட்டுமே என்று, இரண்டு பையை விட்டுவிட்டு எழுதிக் காட்டினேன். தாளைப் பார்த்தாள். என்னை நெடுநேரம் பார்த்தாள்.

"வேணும்னே" என்றாள். அத்தனை மாதத்தில் அவள் வாயிலிருந்து அவ்வளவு தெளிவாக எந்த வார்த்தையும் வந்ததில்லை. பென்சிலைத் தள்ளிவிட்டாள். மறுநாள் புத்தகத்தை எடுத்தபோது வேண்டாம் என்று கை காட்டினாள். அவள் மனதில் என்ன ஓடியது என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கேட்டாலும் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை.

மார்கழியில் இரண்டாவது முறையும் வாதம் வந்தது. திருநெல்வேலி போகும் வழியிலேயே போய்விட்டாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போனபின், நாங்கள் விட்ட இடத்திலிருந்து வாசித்துப் பார்த்தேன். அடுத்து நிலைமத் திருப்புத்திறன். ஒரே எடையுள்ள இரண்டு சக்கரங்களில் ஒன்றைச் சுழற்றுவது மட்டும் ஏன் கடினம் என்று போட்டிருந்தது. கணக்கைப் போட்டேன். விடை வந்தது. சரியா என்று தெரியவில்லை.