ஒட்டிக் கொடுத்த கடிதம்

அனலைதீவுச் சின்னத்தங்கத்துக்கு 1963ஆம் ஆண்டு மாரியில் பிடித்த இருமல் மாசியாகியும் விடவில்லை. புகையிலைத் தோட்டத்தில் நாலு குடம் தண்ணீர் ஊற்றினால் மூச்சு வாங்கியது. வள்ளமேறி ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி அப்போதிக்கரியிடம் போனாள். அவர் நெஞ்சைத் தட்டிப் பார்த்து, இங்கிலீசில் ஏதோ எழுதி, உறையை ஒட்டிக் கொடுத்தார்.

“யாழ்ப்பாணத்துப் பெரிய டொக்டரிட்டைக் குடும். உடைக்கப்படாது.”

“எனக்கு என்ன வருத்தம் ஐயா?”

“அதை அவர் சொல்லுவார்.”

ஒன்றுமில்லையென்றால் ஏன் ஒட்டவேண்டும்? பஸ்ஸுக்கு நின்றவள் வந்த பஸ்ஸில் ஏறவில்லை. பக்கத்து ஒழுங்கையில் இருந்த, கிளாக்கராய் வேலைபார்த்து ஓய்ந்த கிறிஸ்தோப்பர் வீட்டுக்குப் போய்க் கெஞ்சினாள். அவர் தயங்கித்தான் உறையைப் பிரித்தார். வாசித்ததும் கதிரையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

“கசம் எண்டு போட்டிருக்குப் பிள்ளை. தொத்திற சயரோகம்.”

யாழ்ப்பாணம் போனால் மறித்து வைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் அவள் ஊருக்கே திரும்பினாள். நாலு வயது மகளைப் புளியங்கூடலில் இருந்த அக்கா செல்லாச்சியிடம் அனுப்பினாள். அழுத பிள்ளையை எட்ட நின்றே பார்த்தாள். தன் கோப்பையைத் தனியே கவிழ்த்து வைத்தாள். கதை வெளியே போய்விட்டது. கிணற்றடியில் அவளைக் கண்டால் பெண்கள் விலகினார்கள்.

பன்னிரண்டாம் நாள் புருசன் தம்புவால் பொறுக்க முடியவில்லை. “என்னெண்டாலும் கேட்டுக்கொண்டு வருவம், வா” என்று கையைப் பிடித்துக் கூட்டிப்போனான்.

பெரிய டொக்டர் பிரிந்த உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை ஆர் உடைச்சது? நோயாளி பாக்கிற கடிதமில்லை இது.”

சின்னத்தங்கம் கிறிஸ்தோப்பரின் பேரைச் சொல்லவில்லை. “என்ர நெஞ்சைப் பற்றித்தானே ஐயா எழுதிக் கிடக்கு.”

அவர் கடிதத்தை அவள் பக்கம் திருப்பினார். ஒரு சொல்லில் விரலை வைத்தார். “இஞ்சை பாரும், பக்கத்திலை கேள்விக்குறி. கசமோ எண்டு சோதிக்கச் சொல்லித்தான் கேட்டிருக்கு.”

நெஞ்சைப் படம் பிடித்தார்கள், சளி எடுத்தார்கள். நாலு நாள் வாட்டில் கிடந்து, முடிவு வந்துவிட்டதோ என்று தாதி வரும்போதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்தாம் நாள் டொக்டர், “கசமில்லை. நெஞ்சிலை பழைய சளி. மருந்துக்கு மாறும்” என்றார்.

“அதைத் தமிழிலை ஒரு துண்டிலை எழுதித் தாங்கோ ஐயா. ஊர் நம்பாது.”

“அப்பிடிக் குடுக்கிற வழக்கம் இல்லை. எல்லாம் ஆஸ்பத்திரியிலைதான் இருக்கும்.”

வெறுங்கையோடு புளியங்கூடலுக்குப் போனாள்.

“கடிதம் ஒண்டும் தரேல்லையோ?” என்று கேட்ட செல்லாச்சி, பிள்ளையை விடாமல் அணைத்தபடி நின்றாள்.

இருமல் முற்றாக நின்ற பிறகு, ஆனியில்தான் மகள் வீடு வந்தாள். அதற்குப் பிறகும் பிள்ளை ஒருமுறை செருமினால் போதும், சின்னத்தங்கம் ஓடிவந்து அதன் நெஞ்சில் காதை வைப்பாள்.